கப்பிச் சத்தம்

அன்புள்ள வேலுவுக்கு,

ஆத்தா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் வழக்கம். தை மாதத்திலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ பதில் போடவில்லை. ஆகையால் இந்தத் தடவை அதை விட்டுவிட்டு வேறு செய்தியைச் சொல்கிறேன். ரேடியோவில் நாடகம் போடுவாரே மாசிலாமணி, அவர் இறந்துபோய்விட்டார். போன வாரம் ரேடியோவிலேயே சொன்னார்கள். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கறுப்பா சிவப்பா, குட்டையா நெட்டையா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொந்தத்தில் சாவு விழுந்தது போல எனக்குச் சோறு இறங்கவில்லை. "முன்னப்பின்ன பாக்காத ஆளுக்கு இப்படி மூக்கச் சிந்துறியே" என்று உன் அப்பா சிரித்தார். பிறகு அவரே வாயை மூடிக்கொண்டார். ஏன் மூடிக்கொண்டார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேரம் அதிகம் இல்லை. விராலிமலை முத்தையா புதுக்கோட்டையில் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் இந்தப் பக்கமாகத்தான் திரும்புகிறான். அப்படியே மெட்ராசுக்குப் போகிறான். வாசலில் லாரியை நிறுத்தி இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். போன மாதம் அங்கே லாரி ஷெட்டுப் பக்கத்து டீக்கடையில் உன்னைப் பார்த்தேன் என்று வந்து சொன்னவனும் அவன்தான். "நல்லா இருக்கேன்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாயாமே. குடித்துவிட்டாவது போயிருக்கலாம், முத்தையா உன்னைக் கடித்தா தின்றுவிடுவான்?

உன் தங்கை தனத்துக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மணமேல்குடியில் வாத்தியார், அமைதியான பிள்ளை. திங்கட்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அதில் உன் பேர் இருக்குமா இருக்காதா என்பதுதான் இந்த வீட்டில் இப்போது நடக்கிற சண்டை. நம்மில் மாப்பிள்ளையைக் கைபிடித்துப் பந்தலுக்கு அழைத்து வருகிறவன் பெண்ணோடு பிறந்தவன். "பேரைப் போட்டுட்டு ஆளு வரலைன்னா ஊரு சிரிக்கும். பெரியப்பன் மகன் பழனி கூட்டிட்டு வரட்டும், அவன் பேரையே போட்டுருவோம்" என்று உன் அப்பா சொல்லிவிட்டார். தனம் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எங்கண்ணன் வரலைன்னா மாப்பிள்ளை தானா நடந்து வரட்டும். காலு இருக்குல்ல?" என்றாள். கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா இது என்று நான் அதட்டினேன். உள்ளே போய்ச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

இதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். லாரிச் சத்தம் மாதிரி இருந்தது, பார்த்தால் மில்லுக்குப் போகிற வண்டி. அடுப்பில் பால் இருக்கிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோர்வையாக எழுத வரவில்லை என்றால் நீதான் கோத்துக்கொள்ள வேண்டும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாம் மெட்ராசோடு சேர்ந்த பிறகு, ஒன்றிரண்டு வருஷத்தில் நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ரேடியோ வந்தது. உனக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. மரப்பெட்டி, அதற்கு ஒரு கம்பிக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு. பேசுகிற குழாயை வெளியே வேப்பமரத்தில் கட்டினார்கள். பெட்டியைப் போடுவதும் நிறுத்துவதும், பாட்டரியை மாட்டு வண்டியில் ஏற்றிச் சார்ஜுக்குக் கொண்டுபோவதும் உன் அப்பாவின் பொறுப்பு. சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு அவர் நடந்த நடை இருக்கிறதே, கலெக்டர் தோற்றார். ஆண்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். நம் வீடு ஆபீசுக்குப் பின்னால் என்பதால் எனக்கு நம் கிணற்றடியிலேயே கேட்கும். காற்று இங்கிட்டு அடித்தால் முழுக்கக் கேட்கும், அங்கிட்டுத் திரும்பினால் பாதி வார்த்தை குளத்துப் பக்கம் போய்விடும். பஜனை, விவசாயச் செய்தி, சந்தை நிலவரம் எல்லாம் வரும். வாரத்தில் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாடகம். அது முடிந்ததும் "தயாரித்தவர் மாசிலாமணி" என்று ஒரு பெண் சொல்லுவாள். அந்தப் பேர் வந்தால் அடுத்த வாரமும் கிணற்றடியில் எனக்கு வேலை இருக்கும்.

அவரைப் பற்றி நீ என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறாய். "அந்த ஆளு நாடகத்துல அப்படி என்னாத்தா இருக்கு? எல்லாரும் வீட்டுல பேசுற மாதிரியே பேசுறாங்க" என்றாய். அதுதான் ராசா இருக்கிறது. மற்றவர்கள் நாடகத்தில் ஒருவன் உள்ளே வந்தால், "ஆகா, வா நண்பா, உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று" என்று கத்துவார்கள், அப்போதுதான் வந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியும். மாசிலாமணி நாடகத்தில் செருப்பை உதறுகிற சத்தம் கேட்கும். உதறுகிற விதத்திலேயே வந்தவன் வீட்டுக்காரனா விருந்தாளியா, நல்ல செய்தியோடு வந்தானா வெறுங்கையோடு வந்தானா என்று தெரிந்துவிடும். ஒரு நாடகத்தில் ஒரு பெண் நெல் குத்திக்கொண்டே இருப்பாள். கொழுந்தன் வீட்டுக்குள் வந்ததும் உலக்கைச் சத்தம் நின்றுவிடும். அவன் போனதும் மறுபடி குத்துவாள். அவளுக்கு அவன்மேல் பயம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கிணற்றடியில் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

அழுகையே வைக்க மாட்டார். குழந்தை இறந்த வீட்டைப் பற்றி ஒரு நாடகம் போட்டார். வேறு யாராவது போட்டிருந்தால் ஒப்பாரி வைத்தே காதைக் கிழித்திருப்பார்கள். இவர் நாடகத்தில் எல்லோரும் பேசிவிட்டுப் போன பிறகு, தொட்டில் சங்கிலியைக் கொக்கியிலிருந்து கழற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. அவ்வளவுதான். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போனது உனக்குத் தெரியும். அந்தச் சங்கிலியை நான் கழற்றியிருக்கிறேன், அது எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். எங்கேயோ ஊரில் இருக்கிற ஒரு ஆண்பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்தது என்று பல நாள் யோசித்தேன். யாரிடமோ கேட்டிருக்கிறார், கேட்டதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார் என்று கடைசியில் முடிவு செய்தேன்.

அதற்காக அவர் போட்டதெல்லாம் அமிர்தம் என்று சொல்ல மாட்டேன். ராஜா கதை போட்டால் சகிக்காது. கரண்டியைக் கரண்டியோடு தட்டிவிட்டு வாள் சண்டை என்பார். ராணிகள் எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்த குரல். அந்த வாரங்களில் நான் துணி துவைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஒரு மனிதரைப் பிடிக்கும் என்றால் அவரிடம் பிடிக்காததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் முகஸ்துதி.

அவரிடம் இருந்த பெரிய வித்தை, பேசாமல் இருப்பது. முக்கியமான இடத்தில் எல்லோரையும் நிறுத்திவிடுவார். பேச்சில்லை, பாட்டில்லை, ஒரு சத்தமும் இல்லை. அந்த வித்தையும் உன் அப்பாவும்தான் முட்டிக்கொண்டார்கள். பெட்டி பேசவில்லை என்றால் உன் அப்பாவைப் பொறுத்தவரை பெட்டி கெட்டுவிட்டது. கூண்டைத் திறந்து பொளேர் என்று ஒரு அடி வைப்பார். அதற்குள் நாடகத்தில் பேச்சு வந்துவிடும். "பாத்தியா, கை வைக்கிற எடத்துல வச்சா பேசும்" என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பார். ஊரே அதை நம்பியது. அவருக்கு ரேடியோ கைவந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பாகப்பிரிவினை பற்றிய நாடகம் ஒன்று. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வீட்டை, மாட்டை, பாத்திரத்தை எல்லாம் பிரித்துவிட்டார்கள். கடைசியில் தம்பி கேட்கிறான், "அம்மா யாரோட இருப்பாங்க?" என்று. அதோடு பேச்சு நின்றது. உன் அப்பா ஒரு அடி வைத்தார். பேசவில்லை. இன்னொரு அடி. அப்போதும் பேசவில்லை. "பாட்டரி போச்சு, எல்லாரும் எந்திரிச்சுப் போங்க" என்று பெட்டியை நிறுத்திப் பூட்டிவிட்டார். ஊரும் எழுந்து போய்விட்டது. மறுவாரம் மணமேல்குடியிலிருந்து வருகிற கருவாட்டுக்காரர் நம் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "போன வாரம் நாடகம் கேட்டீங்களா? எங்க ஊரே அழுதுச்சுங்க. அந்த அம்மா பேசாம எந்திரிச்சு, வெளக்குமாத்த எடுத்து ரெண்டு பக்கமும் கூட்டுவாங்க பாருங்க" என்றார். உன் அப்பா சாவியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். அதன் பிறகு ஒரு வாரம், அவர் தெருவில் போனால் "பாட்டரி போச்சு" என்று யாராவது முதுகுக்குப் பின்னால் சொல்லுவார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார்மேல் என்று தெரியவில்லை. ஆவூர்ப் பக்கம் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் அல்லவா, ஒரு கார்டு வாங்கி ரேடியோ ஆபீசுக்கு எழுதினேன். "ஐயா, தாங்கள் பேசாமல் விடுகிற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பஞ்சாயத்துப் பெட்டி வைத்திருக்கும் ஊர்களில் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். மௌனத்தை எடுத்துவிட வேண்டாம். பெட்டி உயிரோடு இருக்கிறது என்று தெரிகிற அளவுக்கு அதற்குள் ஏதாவது ஒன்று கேட்கும்படி செய்தால் புண்ணியமாகப் போகும்." உன் அப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் போட்டேன். "ஒனக்கு வேற வேலை இல்ல. அவுக எம்புட்டுப் பெரிய ஆபீசு, ஒன் கார்டைப் படிக்கவா உக்காந்திருக்காக" என்றார்.

பதில் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன். மழைக்காலம் முடிந்து ஒரு நாள், தண்ணீர் இறைத்துக்கொண்டே நாடகம் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளிநாடு போன மகன் பல வருஷம் கழித்து வந்து வாசலில் நிற்கிறான். தாய் கதவைத் திறக்கிறாள். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. உன் அப்பா அடிப்பதற்குக் கையை ஓங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். அப்போது கப்பிச் சத்தம் கேட்டது. கிணற்றுக் கப்பி, எண்ணெய் காணாத கப்பி, மெதுவாக, தூரத்தில். நான் என் கையைப் பார்த்தேன். கயிறு அசையவில்லை. அண்ணாந்து நம் கப்பியைப் பார்த்தேன். அதுவும் சும்மா இருந்தது. சத்தம் வேப்பமரத்துக் குழாயிலிருந்து வந்தது. யாரோ பக்கத்து வீட்டில் தண்ணீர் இறைக்கிறார்கள், இங்கே தாயும் மகனும் பேசாமல் நிற்கிறார்கள். ஆபீஸ் வாசலில் ஒருவரும் அசையவில்லை, பெட்டியில் அடியும் விழவில்லை. எனக்கு அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் மௌனம் எதுவும் வெறுமையாக இருந்ததில்லை. ஒரு தடவை ஆட்டு மணி, ஒரு தடவை தூரத்தில் பஸ், ஒரு தடவை கொடியில் துணி அடித்துக்கொள்கிற சத்தம். எனக்காகத்தான் செய்தார் என்று நான் யாரிடமும் பெருமை அடித்துக்கொண்டதில்லை. எத்தனை ஊரில் எத்தனை பேர் பெட்டியை அடித்தார்களோ, எத்தனை பேர் கார்டு போட்டார்களோ. ஆனால் முதலில் வந்தது கப்பிச் சத்தம். நான் கார்டில் முகவரிக்கு மேலே "கிணற்றடியிலிருந்து கேட்பவள்" என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான் சொல்லுவேன்.

பால் பொங்கிவிட்டது. தனம் கத்துகிறாள். இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். எதில் விட்டேன்? ஆம், உன்னிடம் வர வேண்டும். நீ ஒன்பதாவது பெயிலான அன்று பரணில் ஏறி வைக்கோலுக்குள் உட்கார்ந்துகொண்டாய், நினைவிருக்கிறதா? உன் அப்பா தெருத் தெருவாக உன் பேரைச் சொல்லிக் கத்தினார். குளத்தில் ஆள் இறக்கிப் பார்க்கலாம் என்று கூட யாரோ சொன்னார்கள். எனக்கு நீ பரணில் இருப்பது தெரியும், ஏணி இடம் மாறியிருந்தது. நான் கூப்பிடவில்லை. பரணுக்குக் கீழே ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து அரிசியைப் போட்டு ஆட்ட ஆரம்பித்தேன். ஆட்டி முடித்துவிட்டு உளுந்தையும் போட்டேன். குழவி ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் நீயே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டாய். பெயில் என்ற வார்த்தையை அன்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வித்தை நான் மாசிலாமணியிடம் கற்றதுதான். பேசாமல் இருக்கிறவன் பக்கத்தில் ஏதாவது ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் போதும், அவன் வந்துவிடுவான்.

இப்போது நீ ஏறியிருக்கிற பரண் மெட்ராசில் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு என் ஆட்டுக்கல் கேட்காது. உன் அப்பா எழுதிய கடிதங்களை நான் படித்தேன். ஒவ்வொன்றும் பெட்டியில் விழுந்த அடிதான். தந்தியும் அடித்தார், அது இன்னும் பலமான அடி. நீ பேசவில்லை. ஆகையால் பாட்டரி போச்சு என்று முடிவு கட்டிவிட்டார். பழனி பேரைப் போடுகிறேன் என்று சொன்னதற்கு அர்த்தம் அதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ தெரியாது என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒளிய வேண்டாம். மெட்ராஸ் அச்சாபீசில் உனக்கு வேலை போனது எங்களுக்குத் தெரியும். ஆள் விட்டு விசாரித்தோம். மார்கழியிலேயே நிறுத்திவிட்டார்களாம். அவர்கள் நிறுத்தினார்களா, நீ சண்டை போட்டு வந்தாயா, எனக்குத் தெரிய வேண்டியதில்லை. வேலை போனவன் தங்கை கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு வருவது என்று நீ நினைத்திருப்பாய். உன் முகத்தோடுதான் வர வேண்டும், வேறு முகம் எங்கே இருக்கிறது? புதுச் சட்டை தனம் தைத்து வைத்திருக்கிறாள். அளவு தெரியாமல் பழனியை நிற்க வைத்து, "எங்கண்ணன் ஒன்னவிட ஒசரம்" என்று ஒரு பிடி துணி கூட்டி வெட்டச் சொன்னாள்.

இனி உன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். மாசிலாமணி இறந்த செய்தி வந்த வாரம், அவர் நாடகம் வருகிற அதே நேரத்துக்கு அவர் நினைவாக நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள். நான் கிணற்றடியில் நிற்கவில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. உன் அப்பா பார்த்தார். ஆண்கள் தள்ளி இடம் விட்டார்கள். நிகழ்ச்சி ஆரம்பித்தது. நாடகம் முடிந்ததும் அவர் பேரைச் சொல்லுகிற அந்தப் பெண்ணின் குரல்தான், கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது. அவர் பேரைச் சொன்னாள். "அவர் நினைவாகச் சிறிது நேரம் மௌனம் காப்போம்" என்றாள். அதோடு சத்தம் நின்றது.

ஒன்றுமே இல்லை வேலு. கப்பி இல்லை, ஆட்டு மணி இல்லை. அவர் இருந்திருந்தால் ஏதாவது வைத்திருப்பார். இத்தனை வருஷப் பழக்கம், உன் அப்பாவின் கை தானாக மேலே போய்விட்டது. இன்று மட்டும் அடித்துவிட்டால் இந்த மனிதரோடு இனி நான் பேச மாட்டேன் என்று நினைத்தேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, பெட்டியின் மேலே உட்கார்ந்தது. காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, பேச்சு திரும்ப வருகிற வரைக்கும் எடுக்காமல் நின்றார்.

சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பெட்டி சூடாத்தான் இருந்துச்சு" என்றார்.

"எந்தப் பெட்டிங்க?"

"ரேடியோப் பெட்டிதான். உள்ள சூடு இருந்தா உசுரோடதான் இருக்குன்னு அர்த்தம். இம்புட்டு நாளா கைய வச்சுப் பாத்திருக்கலாம். அடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன் பாரு."

நான் ரசம் ஊற்றினேன். இலையில் ஓடியது, அணை கட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "வேலு கடைசியா எப்ப எழுதுனான்?" என்று கேட்டார். உன் பேர் அவர் வாயில் வந்து எத்தனையோ நாளாயிற்று. "தையில" என்றேன். அன்றிலிருந்து தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் அவருக்கு ஏதோ வேலை வந்துவிடுகிறது. செருப்புக்கு வார் தைக்கிறார். நன்றாக இருக்கிற வாரைப் பிரித்துவிட்டுத் தைக்கிறார்.

உனக்கும் ஒரு நாள் கல்யாணம் ஆகும். வருகிறவள் சில நாள் பேசாமல் இருப்பாள். அப்போது என்னவென்று கேட்டுக் கேட்டு அடிக்காதே, கையை வைத்துப் பார். நீ பேசாமல் இருக்கிற நாளும் வரும், அது உன் சொத்து, உன் அப்பாவிடமிருந்து வந்ததல்ல, என்னிடமிருந்து வந்தது. அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை. ஆனால் வெளியே நிற்கிறவர்களுக்குப் பேசாமல் இருக்கிறவனும் இல்லாமல் போனவனும் ஒன்றாகத்தான் தெரியும். அதைத்தான் அந்தக் கார்டில் எழுதினேன், இப்போது உனக்கும் எழுதுகிறேன். மௌனத்தை எடுத்துவிடு என்று கேட்கவில்லை. அதற்குள் ஒரு கப்பிச் சத்தம் வை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா வந்துவிட்டார். நான் மறைக்கவில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்று தாள்களைப் பார்த்தார்.

"இம்புட்டும் அவனுக்கா?"

"ஆமாங்க."

"என்னாத்த எழுதுன இம்புட்டு?"

"ரேடியோ நாடகத்தைப் பத்தி."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். கோபம் வந்துவிட்டது, பத்திரிகை விஷயம் கெட்டது என்றுதான் நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன். திரும்பி வந்தார். தபாலாபீசுக்குப் போயிருக்கிறார். கையில் ஒரு கார்டு. என் பேனாவை வாங்கி, தரையில் குனிந்து உட்கார்ந்து, நம் வீட்டு முகவரியை அவரே எழுதினார். சாய்ந்து சாய்ந்து எறும்பு போகிற அவர் கையெழுத்து உனக்குத் தெரியும். மை காயும்வரை ஊதினார்.

"ஒண்ணும் எழுத வேணாம்னு எழுது" என்றார். "காரணம் வேணாம், மன்னிப்பு மண்ணாங்கட்டி ஒண்ணும் வேணாம். வெறுங்கார்டாவே பெட்டியில போடட்டும். மேல முத்திரை விழுந்து வந்தாப் போதும், ஆளு இருக்கான்னு தெரிஞ்சிரும். பத்திரிகையில அவன் பேரப் போட்டுருவேன்."

"போட்டுட்டு, வரலைன்னா?" என்று அவர் கேள்வியையே நான் அவரிடம் கேட்டேன்.

"ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது" என்றார். "பாட்டரி போச்சுன்னு சிரிக்கலையா?"

கார்டை இதற்குள் வைத்திருக்கிறேன். இது கைக்குக் கிடைத்த அன்றே நீ போட்டால் திங்கட்கிழமை காலைத் தபாலில் வந்துவிடும். பத்திரிகையைக் கொடுக்க அச்சாபீசுக்கு மத்தியானம்தான் போவதாக அவர் இப்போது மாற்றிவிட்டார்.

முத்தையா தெருமுனையில் ஹாரன் அடிக்கிறான். உன் அப்பா வாசலில் நின்றுகொண்டு "இந்தா, முடிச்சுட்டா, முடிச்சுட்டா" என்று அவனைப் பிடித்து வைத்திருக்கிறார். இதைக் கொண்டுவந்து கொடுக்கிற முத்தையாவை விட்டு எழுந்து போகாதே, அவன் வாங்கித் தருகிற டீயை முழுக்கக் குடி. கார்டைத் தபால் பெட்டியில் போடு. ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

உன் ஆத்தா